முதல் நகலுக்கு மோனா லிசா வேண்டாம்

ஆயில் பெயின்டில் முகம் வரையப் பழகுகிறவர்களுக்கு ஏதோ ஒரு கட்டத்தில் பழைய படம் ஒன்றைப் பார்த்து அப்படியே வரைந்து பார்க்க ஆசை வந்துவிடுகிறது. நல்ல ஆசைதான். எதிரே உட்கார ஆள் தேட வேண்டாம். உட்கார்ந்தவருக்குக் கால் மரத்துப்போகிறதே என்று அவசரப்பட வேண்டாம். நேற்று முகத்தில் விழுந்த வெளிச்சம் நாளைக்கும் அதே இடத்தில் விழும். பாக்கி இருப்பது ஒரே கேள்வி: எந்தப் படம்?

என் முதல் பதில் மோனா லிசா. வீட்டில் மாட்டினால் வருகிறவர்கள் எல்லாரும் அடையாளம் கண்டுகொள்வார்கள் என்ற அற்ப ஆசையைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. அசல் 77 சென்டிமீட்டர் உயரம், 53 சென்டிமீட்டர் அகலம். கிட்டத்தட்ட அதே அளவில் 30க்கு 20 அங்குலக் கேன்வாஸ் வாங்கினேன், ஒரு கலர் பிரிண்ட் எடுத்துப் பக்கத்தில் ஒட்டினேன், இரண்டரை மாதம் போராடினேன். ஒரு பூச்சு காய்வதற்குள் அடுத்ததைப் பூசியதில் கீழே இருந்தது கிளறிக்கொண்டு மேலே வந்தது. கன்னம் முழுக்கச் சேற்று நிறம். எட்டிப் பார்த்த அம்மா, “யாருடா இது, காய்ச்சல்ல கிடந்து எழுந்த மாதிரி இருக்கா?” என்று கேட்டார்.

அதன் பிறகு வேறு சில படங்களில் கை வைத்தபோதுதான் தவறு என் கையில் மட்டும் இல்லை, தேர்விலேயே இருந்தது என்று புரிந்தது. நகல் எடுப்பதில் பழக்கம் எங்கிருந்து வருகிறது? ‘நிழலை இங்கே நிறுத்தியிருக்கிறார், இந்த விளிம்பைக் கூர்மையாக விட்டிருக்கிறார், அதைப் பின்னணியில் கரைத்துவிட்டார்’ என்று படத்தைப் பார்த்து நாமே சொல்லிக்கொள்வதிலிருந்து. ஓவியர் எடுத்த முடிவு கண்ணுக்குத் தெரியாத படத்தை எடுத்துக்கொண்டால் வெறுமனே நிறம் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்போம். ஆகவே எந்தப் படம் உயர்ந்தது என்பதை விட்டுவிடுகிறேன். எந்தப் படம் தன் வேலையை வெளியே காட்டுகிறது என்பதை வைத்தே இங்கே ஒப்பிடுகிறேன்.

அந்த அளவுகோலில் லியோனார்டோ டா வின்சி முதல் சுற்றிலேயே கழன்றுவிடுகிறார். 2010இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கும் அவருடைய படங்களின் முகங்களை எக்ஸ் கதிர் கொண்டு அளந்தார்கள். ஒளி ஊடுருவும் கிளேஸ் பூச்சு ஒவ்வொன்றும் சில மைக்ரோமீட்டர்தான். எல்லாம் சேர்த்து அதிகபட்சம் 30, 40 மைக்ரோமீட்டர். தலைமுடி ஒன்றின் தடிமன்கூடத் தேறாது. பிரஷ் போன தடம் முகத்தில் இல்லை. வெளிச்சம் எங்கே முடிகிறது, நிழல் எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. அதுதான் அந்தப் படத்தின் பெருமை, பழகுகிறவருக்கு அதுவேதான் தொல்லை. அப்புறம் அந்த மஞ்சள். நாம் பார்ப்பது அவர் பூசிய நிறத்தை அல்ல, பழுத்துப்போன வார்னிஷ் வழியாகத் தெரிகிற நிறத்தை. நானோ அந்த வார்னிஷையே கலந்துகொண்டிருந்தேன். போதாததற்கு நெற்றியில் இருக்கும் வெடிப்புக் கோடுகளையும் 0 எண் பிரஷால் கொஞ்சம் வரைந்தேன். இப்போது சொல்லிக்கொள்ளவே வெட்கமாக இருக்கிறது.

மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் மோனா லிசாவின் நகல் ஒன்று இருக்கிறது. பின்னணியை மூடியிருந்த கறுப்புப் பூச்சை எடுத்ததும் உள்ளே நிலக்காட்சி முழுதாக இருந்தது 2012இல் வெளியே தெரிந்தது. அகச்சிவப்புக் கதிரில் பார்த்தபோது, லியோனார்டோ அடியில் செய்த திருத்தங்கள் அந்த நகலின் அடியிலும் இருந்தன. அவருடைய பட்டறையில் யாரோ ஒரு மாணவர் அசல் உருவாகும்போதே கூட இருந்து வரைந்திருக்கிறார். மோனா லிசாவை நகல் எடுக்க அதுதான் சரியான வழி. அடுத்த பூச்சில் ஆசிரியர் என்ன செய்கிறார் என்று அந்த மாணவரால் திரும்பிப் பார்த்துக்கொள்ள முடிந்தது. நமக்குக் கிடைப்பது கடைசிப் பூச்சு மட்டும்.

லியோனார்டோதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு ஒரு மாற்று உண்டு. வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கும் ஜினேவ்ரா தே பென்சி. 1474க்கும் 1478க்கும் இடையில், இருபது வயதுகளில் வரைந்தது. எண்ணெய் அப்போது அவருக்கும் முழுதாகப் பிடிபடவில்லை, சில இடங்களில் பெயின்ட் சுருங்கிக் கிடக்கிறது. பெரிய கை, அதற்கும் எண்ணெய் தகராறு செய்திருக்கிறது என்பதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம். முகம் வெளிறியது, பின்னால் இருண்ட புதர், இரண்டுக்கும் நடுவே தெளிவான விளிம்பு. படம் பெரிய அளவில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் அந்தப் புதரின் இலைகள் ஒரு மாதத்தை விழுங்கும்.

அடுத்த வேட்பாளர் வட ஐரோப்பிய ஓவியர் யான் வான் ஐக். லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கும் சிவப்பு முண்டாசுக்காரர், 1433இல் வரைந்தது. தன்னையே வரைந்துகொண்டார் என்று பலர் கருதும் படம். அளவு 26க்கு 19 சென்டிமீட்டர், ஒரு நோட்டுப்புத்தகம் மாதிரி. கண்ணருகே தோலில் விழும் மடிப்பு, ஷேவ் செய்து ஓரிரு நாளான தாடை முள், விழியின் வெள்ளையில் ஓடும் நரம்பு எல்லாம் அதற்குள் இருக்கின்றன. விழி வெள்ளையில் வெள்ளை மட்டும் இல்லை, துளி நீலமும் துளி சிவப்பும் கலந்திருக்கிறது என்பதை முதலில் எனக்குக் காட்டிய படம் இது. எண்ணெய் வண்ணத்தை வெள்ளை அடிப்பூச்சின்மேல் மெல்லிசாகப் போட்டால் உள்ளே போன வெளிச்சம் திரும்பி வந்து நிறத்தை எப்படி ஒளிரச் செய்கிறது என்பதற்கு அந்தச் சிவப்புத் துணியைவிட நல்ல பாடம் கிடைக்காது.

குறை என்ன? அந்தத் துணியேதான். மடிப்புக்குள் மடிப்பாகப் போய்க்கொண்டே இருக்கும். முகம் பழக வந்தவர் முண்டாசு பழகிவிட்டுப் போவார். மூன்று மயிர் பிரஷை வைத்துக்கொண்டு மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகரும்போது பெயின்டைக் கையாளும் துணிச்சலும் வராது. பென்சிலில் நுணுக்கமாக வரைகிறவர்களுக்கு இந்தப் படம்தான் உடனே பிடிக்கும். அவர்கள்தான் இதை ஒத்திப்போட வேண்டும் என்பேன்.

இனி என் முதல் தேர்வுக்கு வருகிறேன். இத்தாலிய ஓவியர் அன்டோனெல்லோ டா மெஸ்ஸினா 1475, 76 வாக்கில் வரைந்த, பெயர் தெரியாத ஓர் ஆணின் முகம். இதுவும் லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில்தான் இருக்கிறது. சிவப்புத் தொப்பி, கரும்பழுப்பு மேலாடை, கழுத்தில் ஒரு வெள்ளைக் கீற்று, பின்னால் வெறும் இருட்டு. அவ்வளவுதான் படம். கை இல்லை, மலை இல்லை, நகை இல்லை. 35.6க்கு 25.4 சென்டிமீட்டர், அதாவது சரியாக 14க்கு 10 அங்குலம். கேன்வாஸ் போர்டை அசலின் அளவிலேயே வெட்டிக்கொள்ளலாம். பெரிதாக்கவோ சிறிதாக்கவோ வேண்டாம் என்பது முகம் பழகுகிறவருக்கு எவ்வளவு பெரிய சலுகை என்பது ஒரு முறை கணக்குப் போட்டுத் தவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

அன்டோனெல்லோவைப் பற்றி ஒரு பழைய கதை உண்டு. அவர் இத்தாலியிலிருந்து வடக்கே போய் வான் ஐக்கிடமே எண்ணெய் ரகசியத்தைக் கற்றுவந்தார் என்று, ஓவியர்களின் வாழ்க்கைக் கதைகளைத் தொகுத்த வசாரி 16ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்தார். வான் ஐக் 1441இல் இறந்துவிட்டார். அன்டோனெல்லோ அப்போது சிறுவன். நேப்பிள்ஸில் அரசரின் சேகரிப்பில் இருந்த வட ஐரோப்பியப் படங்களையும், அவற்றைப் பின்பற்றி வரைந்தவர்களையும் பார்த்துப் பழகியிருப்பார் என்பதுதான் இன்று பொருத்தமாகப் படுகிறது. சரி, அவரும் நம்மைப் போல அடுத்தவர் படத்தை வெறித்துப் பார்த்தே கற்றவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

வெளிச்சம் இடது பக்கம் ஒரே இடத்திலிருந்து வருகிறது. முகமும் இடது பக்கம் திரும்பியிருக்கிறது. ஆகவே நமக்கு அப்பால் இருக்கும் குறுகலான பகுதி வெளிச்சத்தில், நமக்குப் பக்கத்தில் இருக்கும் அகலமான கன்னம் நிழலில். இரண்டும் சந்திக்கும் எல்லை நெற்றியிலிருந்து கன்ன எலும்பு வழியாகத் தாடைவரை இறங்குவதைப் பின்தொடர முடிகிறது. மோனா லிசாவில் நான் இரண்டரை மாதம் தேடியது இந்த எல்லையைத்தான்.

இதை மூன்று முறை வரைந்தேன். முதல் முறை வெள்ளைப் பலகையில் நேராக முகத்தைத் தொடங்கினேன். சுற்றிலும் வெள்ளையாக இருந்தால் எந்தத் தோல் நிறமும் கறுப்பாகத் தெரியும், கை தானாக இன்னும் கொஞ்சம் வெள்ளையைச் சேர்க்கும். கடைசியில் பின்னணிக்குக் கறுப்புப் பூசியதும் முகம் பவுடர் அப்பியதுபோல வெளியே துருத்திக்கொண்டு நின்றது. இரண்டாம் முறை பின்னணியையும் மேலாடையையும் முதலில் மூடிவிட்டுப் பிறகு முகத்துக்கு வந்தேன், பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்தது. வேறு எந்தப் படத்தை எடுத்தாலும் இதை மட்டும் விடாதீர்கள்.

நிறங்களும் குறைவு. டைட்டானியம் வெள்ளை, எல்லோ ஓக்கர் என்ற மண் மஞ்சள், வெர்மிலியன் போன்ற ஒரு சிவப்பு, பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பு, ஐவரி பிளாக், தொப்பியின் நிழலுக்கு அலிசரின் மாதிரி ஓர் ஆழ்ந்த சிவப்பு. அன்றைய ஓவியர்களின் வெள்ளை ஈயத்தில் செய்தது, நஞ்சு. நமக்கு டைட்டானியமே போதும். ஆனால் அது கொஞ்சம் குளிர்ந்த வெள்ளை என்பதால் குழாயிலிருந்து பிதுக்கியதுமே துளி ஓக்கர் கலந்துவைத்துக்கொள்வேன். வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் இடைப்பட்ட பகுதியில் தோல் லேசாகப் பச்சை ஓடினாற்போலத் தெரியும். அதற்குத் தனியாகப் பச்சை வாங்க வேண்டாம், கறுப்பும் ஓக்கரும் சேர்ந்தால் அந்த ஆலிவ் சாயல் வந்துவிடும். தொப்பியில் வெளிச்சம் படும் இடத்துக்கு வெள்ளை சேர்க்காதீர்கள், ரோஸ் கலராகிவிடும். வெறும் சிவப்பையே விட்டுவிட்டு நிழலை இன்னும் ஆழமாக்கினால் அது தானாக ஒளிரும்.

கண்தான் என்னை அதிகம் படுத்தியது. எக்ஸ் கதிர்ப் படத்தில் பார்த்தால் அன்டோனெல்லோ அந்தக் கண்களை முதலில் வேறு பக்கம் பார்ப்பதாக வரைந்து, பிறகு மாற்றி நம்மைப் பார்க்க வைத்திருப்பது தெரிகிறது. நமக்குப் பக்கத்தில் இருக்கும் கண்ணின் வெள்ளை உண்மையில் பழுப்புச் சாம்பல். சுத்த வெள்ளை வைத்தீர்களானால் முறைக்கிற பார்வையாகிவிடும். என் மூன்று பலகைகளில் இரண்டு முறைக்கின்றன.

ஜியோவான்னி பெல்லினி 1501, 02இல் வரைந்த வெனிஸ் ஆட்சித்தலைவர் லொரெடானையும் பலர் பரிந்துரைக்கிறார்கள். முதிய முகம், அழகான படம். ஆனால் அந்தப் பொன்சரிகை அங்கி முகத்தைவிட மூன்று மடங்கு இடம் பிடிக்கிறது. முகத்தை மட்டும் வெட்டி எடுத்து வரைவதானால் தாராளமாக எடுக்கலாம்.

இரண்டாவது நகலுக்கு எனக்கு ரஃபேல்தான். 1514, 15இல் தன் நண்பர் பால்தஸ்ஸாரே காஸ்டிலியோனேயை வரைந்தது, லூவ்ரில் இருக்கிறது. கறுப்புத் தொப்பி, சாம்பல் மென்மயிர்ச் சட்டை, நடுவில் பளீரென்ற வெள்ளை, பின்னால் வெதுவெதுப்பான ஒரு சாம்பல் பழுப்பு. அன்டோனெல்லோவிடம் இருட்டு நமக்கு உதவுகிறது, முகம் எப்படியும் எழுந்து நிற்கும். இங்கே அந்தச் சலுகை இல்லை. பின்னணியும் நடுத்தர டோன், அதாவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் நடுவில்; முகத்தின் நிழலும் நடுத்தர டோன். ஒரு படி தவறினாலும் முகம் சுவரில் ஒட்டிக்கொள்ளும். சாம்பலில் எத்தனை வகை உண்டு என்று கண் பழகுவது இந்தப் படத்தில்தான். ஐவரி பிளாக்கும் வெள்ளையும் கலந்த வெறும் சாம்பல், ஓக்கர் கலந்த தோலுக்குப் பக்கத்தில் வைத்ததும் நீலமாகத் தெரிகிறது. அவருடைய நீலக் கண்ணுக்கு நான் நீலக் குழாயைத் திறக்கவே இல்லை.

இந்தப் படத்தைப் பார்த்து வரைந்தவர்களின் வரிசையும் பெரிது. ரூபன்ஸ் எடுத்த நகல் லண்டன் கோர்ட்டோல்ட் ஓவியக்கூடத்தில் இருக்கிறது. 1639இல் ரஃபேலின் அசல் ஆம்ஸ்டர்டாமில் ஏலத்துக்கு வந்தபோது ரெம்பிராண்ட் ஒரு விரைவுச் சித்திரம் போட்டு, பக்கத்தில் ஏலம் போன விலையையும் குறித்துவைத்தார்: 3,500 கில்டர். விலையைக் குறித்துக்கொண்ட அந்த வயிற்றெரிச்சலுக்காகவே எனக்கு ரெம்பிராண்டைப் பிடிக்கும்.

அடுத்த ஆண்டு அவர் தன்னையே வரைந்துகொண்ட படத்தில் கையை ஒரு திண்டின்மேல் வைத்து உட்கார்ந்திருப்பது டிஷனிடமிருந்து வந்தது. டிஷன் 1510 வாக்கில் வரைந்த, மெத்தைபோலத் தைத்த நீலச் சாம்பல் சட்டைக்கை போட்டவரின் படம். இன்று இரண்டும் லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில்தான். டிஷனிடம் கற்க வேண்டியது விளிம்புகளைத் தொலைப்பது. அந்தச் சட்டைக்கை நம் முகத்துக்கு முன்னால் வந்து நிற்கிறது, மறுபக்கத் தோளோ பின்னணிக்குள் கரைந்து காணாமல் போகிறது. பிரஷ் ஓட்டம் தெரிகிறது, ஆனால் எதை முதலில் போட்டார், எதைக் கடைசியில் போட்டார் என்பது பிடிபடாது. 81 சென்டிமீட்டர் உயரம் வேறு. இதை நான் இன்னும் முடிக்கவில்லை, தொடங்கி இரண்டு முறை சுரண்டி எடுத்தாகிவிட்டது. மூன்றாவதாக வைத்துக்கொள்ளுங்கள், அல்லது ஐந்தாவதாக.

இத்தாலிய ஓவியர் சென்னினோ சென்னினி 1400ஐ ஒட்டி எழுதிய கைத்தொழில் குறிப்புகளில், இன்று ஒருவரையும் நாளை ஒருவரையும் பார்த்து வரைகிறவனுக்கு இருவர் பாணியும் வராது, சிறந்த ஒருவரைப் பிடித்துக்கொள் என்கிறார். அவரை முழுதாக ஒப்புக்கொள்ள முடியவில்லை, அவர் காலத்தில் ஒருவன் ஒரே பட்டறையில் பல ஆண்டு கிடந்தான். ஆனால் ஒரே படத்தை மூன்று முறை வரைவது மூன்று படங்களை ஒவ்வொரு முறை வரைவதைவிட எனக்கு அதிகம் தந்தது.

அடிப்பூச்சு பற்றியும் ஒரு தகராறு உண்டு. தோலுக்கு அடியில் பச்சை போடுவதுதான் மறுமலர்ச்சிக்கால முறை என்று வீடியோக்களில் அடித்துச் சொல்கிறார்கள். சென்னினி பச்சை மண்ணை அடியில் போடச் சொல்வது முட்டைக்கருவில் குழைத்த வண்ணத்துக்கு. எண்ணெயில் அதைச் செய்யக் கூடாது என்றில்லை. ஆனால் தொடக்கக்காரருக்கு அம்பரில் ஒளி நிழலை முழுதாகப் போட்டுக்கொள்வது சுலபம், அம்பர் சீக்கிரம் காயும் என்பதும் ஒரு வசதி. எண்ணெய் நீரைப்போல ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு இறுகுகிறது. ஐவரி பிளாக் நிறையக் கலந்த இடம் ஒரு வாரம் கழித்தும் விரலில் ஒட்டும். அதனால் பின்னணிக் கறுப்பிலும் பாதிக்குப் பாதி அம்பர் சேர்த்துவிடுவேன். கீழ்ப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேலே போகப்போக அதிகமாகவும் இருக்கட்டும், தலைகீழாகப் போனால் வெடிக்கும்.

பார்த்து வரைய பிரிண்டா, திரையா? திரைதான். என் மோனா லிசா பாதி கெட்டது பிரிண்டால், பச்சை பாய்ந்து வந்திருந்தது அது. டேப்லெட்டில் முகத்தை அசலின் அளவுக்கே வைத்து, ஈசல் என்ற தாங்குசட்டத்தில் பலகைக்குப் பக்கத்திலேயே அதே உயரத்தில் நிறுத்துங்கள். திரையின் வெளிச்சத்தைக் குறைத்து, அதில் தெரியும் வெள்ளையும் பேலட்டில் இருக்கும் வெள்ளையும் ஒன்றுபோலத் தெரிகிற இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். இதைச் செய்யாவிட்டால் திரையோடு போட்டி போட்டுத் தோற்போம். பெரிதாக்கிப் பார்க்கும் ஆசைக்கும் ஓர் எல்லை வேண்டும். முதல் வாரம் நான் பெரிதாக்கவே மாட்டேன்.

லூவ்ரில் அனுமதி வாங்கி நகல் எடுப்பவர்களுக்கு ஒரு விதி இருக்கிறது. அசலின் அளவிலேயே எடுக்கக் கூடாது, ஓவியரின் கையெழுத்தையும் போடக் கூடாது. வீட்டில் வரைகிறவருக்கு முதல் விதி பொருந்தாது. இரண்டாவதை நான் பின்பற்றுகிறேன். பலகையின் பின்புறம் என் பெயர், தேதி, யாருடைய படத்தைப் பார்த்து வரைந்தது என்ற விவரம், அப்புறம் அந்த முறை எது சரியாக வரவில்லை என்று ஒரு வரி. அன்டோனெல்லோ மூன்றையும் திருப்பிப் பார்த்தேன். முதலாவதில் ‘பின்னணியை முதலில் போடு’. இரண்டாவதில் ‘கண்’. மூன்றாவதிலும் ‘கண்’.